திட்ட முடிகிற வேகம்

என் வீட்டுக்காரர் டயபர் கட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். நான் ஏன் நடந்தேன், ஏன் தப்பாக நடந்தேன், பிறகு ஏன் மாற்றி நடந்தேன் என்பதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் விழுந்துபோய் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒரு நர்ஸ் அந்தப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு கிட்டே வந்தாள். அவருக்கு வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, பேச்சு குழறியது. ஆனால் அன்றைக்கு அவர் சொன்னது வார்டு முழுக்கக் கேட்டது.

"அத எனக்கு மாட்டுனீங்கன்னா சோறு தண்ணி தொட மாட்டேன்."

வேலைக்காலம் முழுக்க பஸ் ஓட்டியவர். துறையூர், உப்பிலியபுரம் பக்கம்தான் அதிகம். வண்டியை எங்கே நிறுத்துவது, எப்போது எடுப்பது என்று தானே முடிவு செய்து பழகிய ஆள். அந்த ஆளுக்கு அதை மாட்டினால் மனசு செத்துவிடும் என்று எனக்குத் தெரியும். "யாரும் மாட்ட மாட்டாங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன்.

சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. செய்ய ஒரு முதுகு வேண்டும். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலி, அதிலிருந்து கழிப்பறைக் கோப்பை, மறுபடி நாற்காலி, மறுபடி கட்டில். வலது கால் கொஞ்சம் தாங்கும். மற்றதெல்லாம் என் தோளும் தொடையும்தான். நான் தொட்டியத்தில் பிறந்து வாழைத்தார் தூக்கி வளர்ந்தவள். உடம்பும் பெரிய உடம்பு. முதல் ஒரு வருஷம் தூக்கினேன். ஒரு தடவை கூட அவரைக் கீழே விட்டதில்லை.

அப்புறம் என் முட்டி பிடித்துக்கொண்டது. ரத்தக் கொதிப்புக்கு ஏற்கெனவே மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. சர்க்கரை வாசல்படியில் நிற்கிறது என்று ரிசல்ட் வந்தது. டாக்டர் அதைப் படித்துவிட்டு மேசைமேல் போட்டார்.

"எடையக் குறைங்கம்மா. இப்படியே போனா அவரத் தூக்கறதுக்கு நீங்க இருக்க மாட்டீங்க."

எனக்கு அந்த மாதிரிப் பேசுகிற டாக்டரைத்தான் பிடிக்கும். குறைத்துக் காட்டுகிறேன் என்று வந்தேன்.

பெங்களூரில் இருக்கும் என் மகன் ஒரு கைக்கடிகாரம் அனுப்பினான். மணிக்கட்டில் கட்டினால் இதயம் எவ்வளவு வேகமாக அடிக்கிறது என்று காட்டும். மெதுவாக நடந்தால் நீலம், கொஞ்சம் வேகமாகப் போனால் பச்சை, அப்புறம் ஆரஞ்சு, கடைசியில் சிவப்பு. என் வயதைப் போட்டு அவனே எல்லாவற்றையும் சரிசெய்து அனுப்பியிருந்தான். போனில் ஒருத்தன் தினமும் கத்துவான், உடம்பெல்லாம் எண்ணெய் தடவியவன் மாதிரி இருப்பான். சிவப்பைத் தொடாத நடை நடையே இல்லை, மூச்சு வாங்கவில்லை என்றால் கொழுப்பு சிரித்துக்கொண்டிருக்கிறது என்பான். நான் நம்பினேன். கஷ்டப்பட்டால்தான் பலன் என்று சொல்லி வளர்த்த ஊரில் இதை யார் நம்ப மாட்டார்கள்?

ஸ்ரீரங்கத்தில் நடப்பதற்கு இடம் தேட வேண்டியதில்லை. பெருமாள் கோயிலைச் சுற்றி ஓடும் உத்தர வீதி நாலையும் சுற்றினால் போதும். விடிவதற்கு முன்பே பாதி ஊர் அங்கேதான் சுற்றிக்கொண்டிருக்கும். மாடியில் குடியிருக்கும் என் ஓரகத்தியும் சுற்றுவாள். என் வீட்டுக்காரரின் தம்பி பெண்டாட்டி. நல்லவள்தான், வாய்தான் ஓயாது.

முதல் நாள் நான் ஒரு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே வாசலில் இறங்கியதைப் பார்த்துவிட்டாள்.

"அய்யய்யோ அக்கா, பெருமாளச் சுத்தப் போறப்ப தின்னுகிட்டேவா போவாங்க? சுத்தி முடிக்கிற வரைக்கும் பல்லுல பச்சத்தண்ணி படக்கூடாது. செருப்பையும் கழட்டுங்க."

"நான் தொப்பை குறைய நடக்கப் போறேன்டி."

"நடக்கறதே பிரதட்சிணமா நடந்துட்டா புண்ணியமும் சேருமில்ல?"

சரி, சேரட்டும் என்று நினைத்தேன். பழத்தைத் திரும்ப உள்ளே வைத்தேன். நான் செய்த முட்டாள்தனம் அங்கே ஆரம்பித்தது. அது ஸ்ரீரங்கத்துக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம். வெறும் வயிற்றில், வெறுங்காலில், பெருமாளையும் சுற்றிக்கொண்டு கடிகாரத்தில் சிவப்பையும் துரத்தினேன். சிவப்பு லேசில் வராது. என் வயது ஆட்களுக்கெல்லாம் வருமாம், எனக்கு வராது. ஆரஞ்சிலேயே நிற்கும். வீட்டைக் கடந்து இன்னும் ஒரு சுற்று ஓட்டமும் நடையுமாகப் போவேன். நெஞ்சு வாய்க்கு வந்துவிடும், காது அடைக்கும், அப்போதுதான் சிவப்பு வரும். வந்தால் ஏதோ பரிசு வாங்கினவள் மாதிரி ஒரு சந்தோஷம்.

அதற்குள் புரட்டாசி வந்தது. எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்க முட்டை, மீன், கறி எதுவும் உள்ளே வராது. சனிக்கிழமை ஒரு வேளைச் சாப்பாடு. இரண்டு ஏகாதசிக்கும் விரதம் இருந்தேன், ஓரகத்தி இருக்கிறாள் என்பதற்காக. மற்ற நாட்களில் கொழுப்பு குறைய வேண்டுமே என்று இட்லியையும் பாதியாக்கினேன். ரசம் சாதம், கொஞ்சம் பூசணிக்காய். அவ்வளவுதான் சாப்பாடு.

எடை சரசரவென்று இறங்கியது. ஊரே பாராட்டியது. "ஆளே பாதியாயிட்டீங்களே, என்ன பண்றீங்க?" என்று பூக்காரம்மா கேட்டாள். வளையல் முழங்கைவரை ஏறியது. ஓரகத்தி பெருமாள் செயல் என்றாள். மகன் போனில் கட்டைவிரலாக அனுப்பித் தள்ளினான். ஈரப் புடவையைப் பிழியக் கை வரவில்லை, கேஸ் சிலிண்டரை நகர்த்த முடியவில்லை, மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து ஏறினேன். இதையெல்லாம் நான் யாரிடமும் சொல்லவில்லை. எடை இறங்குகிறதே, உடம்பு அப்படித்தான் இருக்கும் போல என்று விட்டுவிட்டேன். எடை பார்க்கும் மெஷின்மீது எனக்கு இன்றைக்கும் கோபம் போகவில்லை. அது பாட்டுக்குக் குறைத்துக் குறைத்துக் காட்டிக்கொண்டே இருந்தது. எது குறைகிறது என்று அது சொல்லவே இல்லை.

கடைசிச் சனிக்கிழமை. சிவப்பு வரும்வரை சுற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தேன். அவர் கட்டிலில் விழித்துக்கொண்டு காத்திருந்தார்.

"சீக்கிரம் வா. அவசரம்."

நாற்காலியைப் பக்கத்தில் போட்டேன். பிரேக்கை அழுத்தினேன். தூக்குவதற்கென்று அவர் இடுப்பில் கட்டும் பட்டையைப் பிடித்தேன், அவர் வலது கை என் தோளில். எழுப்பினேன். பாதி எழுந்தார். அங்கேயே என் தொடை நடுங்கியது. கையில் பிடி இருக்கிறது, பலம் இல்லை. துணி நழுவுகிற மாதிரி இரண்டு பேரும் மெதுவாகக் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் இறங்கித் தரையில் உட்கார்ந்தோம். அடி ஒன்றும் படவில்லை. ஆனால் அவசரம் என்று சொன்னாரே, அது காத்திருக்கவில்லை. லுங்கி நனைந்து தரையில் ஓடியது.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டார். நான் முந்தானையை எடுத்து ஈரத்தை ஒற்றினேன். அவர்தான் முதலில் பேசினார்.

"பிரேக் புடிக்கலியா?"

"வண்டி பழசு" என்றேன்.

சிரிக்க முயன்றார். முடியவில்லை.

ஓரகத்தியைக் கூப்பிட்டேன். அவள் புருஷனும் வந்து தூக்கினார். தம்பி முன்னால் நனைந்த லுங்கியோடு என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து தினமும் காலையில் தம்பி வந்து ஒரு கை கொடுத்தார். குறை சொல்ல முடியாது, முகம் சுளிக்காமல் செய்தார். ஆனால் இவர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டார். டம்ளரை நீட்டினால் ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிடுவார். உதடு வெடித்தது. ஏன் என்று கேட்கத் தேவையில்லை.

ஓரகத்தி மகனுக்குப் போன் செய்துவிட்டாள். அவன் எனக்குச் செய்தான்.

"அம்மா, நான் சொல்றதக் கோவப்படாம கேளு. சமயபுரம் ரோட்டுல ஒரு ஹோம் இருக்காம். ஆளுங்க இருக்காங்க, நர்ஸ் இருக்கு..."

"அங்க என்ன பண்ணுவாங்க?"

"எல்லாம் பாத்துப்பாங்கம்மா."

"டயபர் மாட்டுவாங்களா?"

அவன் மாதக் கட்டணம் எவ்வளவு என்று சொல்ல ஆரம்பித்தான்.

"மாட்டுவாங்களாடா?"

"அம்மா, நீயும் விழுந்துட்டா ரெண்டு பேரையும் யாரு பாக்கறது? பொங்கலுக்கு வரேன். வந்து பாக்கறேன். அப்பவும் உன்னால முடியலன்னா முடிவு பண்ணிடலாம்."

போனை வைத்துவிட்டுத் திட்டினேன். அவன் சொன்னதில் தப்பு இல்லை. அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

வாரம் இரண்டு நாள் காட்டூரிலிருந்து ஸ்கூட்டியில் ஒரு பிசியோதெரபிஸ்ட் வரும். சின்னப் பெண், கல்யாணமாகி ஒரு குழந்தை இருக்கிறது. என் வீட்டுக்காரருக்குக் கை கால் பயிற்சி கொடுக்கத்தான் வரும். அந்த வாரம் வந்தபோது நடந்ததைச் சொன்னேன். அது அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது.

"அம்மா, இந்த நாற்காலில உக்காந்து, கைய ஊனாம எந்திரிங்க."

எழுந்தேன். அதாவது எழப் பார்த்தேன். முன்னால் சாய்ந்தேன், பின்னால் சாய்ந்தேன், எழ வரவில்லை. கையை ஊன்றித்தான் எழுந்தேன்.

"போன மாசம் வரைக்கும் எண்பது கிலோ ஆளத் தூக்குனீங்க" என்றது. அது கேள்வியா பழியா என்று புரியவில்லை.

கடிகாரத்தைக் காட்டச் சொன்னது. போனில் இருந்த கோடுகளையெல்லாம் தள்ளித் தள்ளிப் பார்த்தது. "தெனமும் வெறும் வயித்துல மலைக்கோட்டைய ஓடி ஓடி ஏறுற மாதிரி ஏறியிருக்கீங்க. என்ன மாத்திரை போடறீங்க?"

பிரஷர் மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தேன். படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டது.

"இந்த மாத்திரை இதயத்த வேகமா அடிக்க விடாதும்மா. அதுக்குத்தான் குடுக்கறதே. கடிகாரத்துக்கு அது தெரியாது, உங்க வயசுக்கு ஒரு கணக்குப் போட்டு நிறம் காட்டுது. உங்களுக்கு ஆரஞ்சு வர்றப்பவே நீங்க உச்சத்துல இருப்பீங்க. அதுக்கும் மேல சிவப்பு வர்ற வரைக்கும் தொரத்தியிருக்கீங்க."

அதாவது மாத்திரை ஒரு பக்கம் பிடித்து இழுக்கிறது, நான் மறுபக்கம் இழுக்கிறேன். நடுவில் என் நெஞ்சு. எனக்கு வந்த கோபத்தில் கடிகாரத்தைக் கொள்ளிடத்தில் போட்டிருப்பேன், அது வாசலிலேயே ஓடியிருந்தால். மாத்திரை கொடுத்த டாக்டரும் இதைச் சொல்லவில்லை, கடிகாரம் வாங்கிக் கொடுத்தவனும் கேட்கவில்லை, கத்துகிற எண்ணெய்க்காரனும் சொல்லவில்லை.

"கத்தாதீங்க, டாக்டர்கிட்டயும் ஒரு தடவ கேட்டுக்கங்க" என்றது அந்தப் பெண். "இப்ப சாப்பாடு என்னன்னு சொல்லுங்க."

சொன்னேன்.

"புரட்டாசி சரி. முட்டை வேண்டாம், மீன் வேண்டாம். பயறு எங்க? சுண்டல் எங்க? தயிர் எங்க? பெருமாள் கடலைய வேண்டாம்னாரா?"

என் வீட்டுக்காரர் கட்டிலில் இருந்து, "நல்லாக் கேளும்மா" என்றார்.

"நீங்க சும்மா இருங்க" என்றேன் அவரிடம்.

"வயித்துலயும் ஒண்ணும் இல்ல, சாப்பாட்டுலயும் சத்து இல்ல, உடம்பு தாங்காத அளவுக்கு இழுத்திருக்கீங்க. கொழுப்பும் போச்சு, கூடவே சதையும் போச்சு. உங்களுக்கு வேண்டியது அந்தச் சதைதான்."

"அப்ப மெதுவா நடந்தா கொழுப்பு மட்டும் கரையுமா?"

"அப்படிச் சொல்றதுக்குப் போன்ல இன்னொரு கூட்டம் இருக்கு. அதுவும் முழு நெசம் இல்லம்மா. எடை எறங்கறது மொத்தமா என்ன சாப்பிடறீங்க, எவ்வளவு அசையறீங்கங்கறதப் பொறுத்தது. ஆனா அளவா நடந்தா வீட்டுக்கு வந்தப்புறமும் உடம்புல தெம்பு மிச்சம் இருக்கும். அந்தத் தெம்புல வெயிட் தூக்கலாம். சதை தங்கணும்னா அதுக்கு வேலையும் குடுக்கணும், சாப்பாடும் குடுக்கணும், ஓய்வும் குடுக்கணும். நடை அதையெல்லாம் தின்னுடக் கூடாது."

"அளவுன்னா எவ்வளவு? நிறத்தச் சொல்லு."

"நிறத்த விடுங்க. நடக்கறப்ப பேச முடியணும். பாட முடிஞ்சா வேகம் பத்தல. பேச்சு தொண்டையில சிக்குனா வேகம் அதிகம். அவ்வளவுதான்."

"நான் பேச மாட்டேன், திட்டுவேன்."

"திட்டுங்க. ஒரு முழு வாக்கியம் மூச்சு விடாம திட்ட முடிஞ்சா சரியான வேகம்."

டாக்டரிடம் கேட்டேன். மாத்திரை விஷயம் உண்மைதான் என்றார். அதை நிறுத்தாதீர்கள், வேகத்தைக் குறையுங்கள் என்றார். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். நடக்கிறேன் என்றீர்கள், ஓடுகிறேன் என்று சொல்லவில்லையே என்றார். அந்த வாதம் இன்னும் முடியவில்லை.

மறுநாள் காலையில் இரண்டு கரண்டி அவித்த பயறும் ஒரு வாழைப்பழமும் தின்றேன். முட்டிக்கு இதமாக இருக்கட்டும் என்று ஷூ மாட்டினேன். வாசலில் ஓரகத்தி நின்றாள்.

"அக்கா! தின்னுட்டு, ஷூவோட..."

"இனிமே இப்படித்தான்."

"பிரதட்சிணம்னு ஒண்ணு இருக்குல்ல அக்கா. பாவம் இல்லியா?"

எனக்கு அந்த நிமிஷத்தில்தான் தோன்றியது. "நான் பெருமாளைச் சுத்தல. பெருமாளைச் சாயங்காலம் குளிச்சிட்டுப் போய் நேராப் பாத்துக்கறேன். காலையில நான் நடக்கறது வெறும் நடை. உனக்குச் சந்தேகம் வேண்டாம்னு எதிர்ப்பக்கமா நடக்கறேன், பாரு" என்று சொல்லிவிட்டு, ஊரே வலமாகச் சுற்றும் வீதியில் இடமாகத் திரும்பி நடந்தேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளை வாயடைக்கச் செய்ததில் எனக்கு இருந்த திருப்தி கொஞ்சம் அதிகம்தான். ஆனால் இன்னொரு லாபம் இருப்பது திருப்பம் தாண்டியதும் தெரிந்தது. எல்லோரோடும் ஒரே பக்கமாக நடந்தால் யார் நம்மைத் தாண்டுகிறார்கள் என்று பார்த்து வேகம் ஏறும். எதிர்ப்பக்கமாக நடந்தால் யாரும் தாண்ட முடியாது, எல்லோரும் முகத்துக்கு நேரே வருவார்கள். வருகிற ஒவ்வொருத்தரும் ஒரு கேள்வி கேட்பார்கள். பதில் சொல்லாமல் விடுகிற வழக்கம் எனக்கு இல்லை.

பஞ்சகச்சம் கட்டிய பெரியவர் ஒருவர் நின்றேவிட்டார். "என்னம்மா, அப்பிரதட்சிணமா வரேள்? யாராவது ஏதாவது சொல்லிட்டாளா?"

"பெருமாளுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல சாமி. எனக்கு டாக்டர் சொன்ன நடை. புருஷனைத் தூக்கறதுக்குத் தெம்பு வேணும்."

"தூக்கறதுக்கா? எங்கே?"

"கக்கூஸுக்கு."

அவர் கையை உயர்த்தினார். "க்ஷேமமா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அதற்குப்பிறகு தினமும் எதிரே வரும்போது, "இன்னிக்கு எழுந்தாரா?" என்று கேட்பார். "எழுந்தாரு" என்பேன். நான் மூச்சு வாங்காமல் அதைச் சொல்லிவிட்டால் என் வேகம் சரி.

பால்காரன் கிண்டல் செய்வான். "அத்தே, ஒன் வே! ஃபைன் போட்டுருவாங்க!"

"உன் பால்ல கலக்கற தண்ணிக்கு முதல்ல ஃபைன் போடச் சொல்லுடா, காவேரி பாதி உன் கேன்லதான் இருக்கு" என்பேன். முழு வாக்கியம். மூச்சு சிக்கவில்லை. ஒருநாள் தெற்கு வீதியில் பைக்கை மேலே விடுவது போல வந்தவனைத் திட்டும்போது பாதியில் தொண்டை அடைத்தது. கோபம் குறையவில்லை, ஆனால் நடையைக் குறைத்தேன்.

முதல் சில வாரம் கஷ்டமாக இருந்தது. உடம்புக்குக் கஷ்டம் இல்லை, அதுதான் கஷ்டம். வியர்வை லேசாக வரும், நெஞ்சு அடங்கியே இருக்கும். இது என்ன நடை, கடைக்குப் போகிற மாதிரி என்று எரிச்சலாக வரும். கடைசியில் வேகமாக ஒரு ஓட்டம் ஓடிப் பார்க்கலாமா என்று கால் பரபரக்கும். பிசியோதெரபிஸ்ட் பெண் வேண்டாம் என்றது. "அதுக்கும் ஒரு நாள் வரும். இப்ப அந்தத் தெம்ப வீட்டுக்குக் கொண்டு வாங்க."

வீட்டில் வேலை இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து எழ வேண்டும், முதலில் இரண்டு தலையணை வைத்து உயர்த்தி, பிறகு ஒன்று, பிறகு எதுவும் இல்லாமல். தண்ணீர் வாளியைக் குனிந்து இடுப்புவரை இழுக்க வேண்டும். அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழ வேண்டும். இரண்டு நாள் செய்தால் ஒரு நாள் ஓய்வு. என் வீட்டுக்காரர் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டே இருப்பார். அவருக்கு அதைவிட நல்ல டிவி கிடையாது.

"அந்த அரிசிப் பைய விட நான் அழகா இல்லியா? என்னத் தூக்க மட்டும் ஆள் வேணுங்குற."

"அரிசி வாய் பேசாது."

ஐப்பசி பிறந்ததும் முட்டை உள்ளே வந்தது. மீன் வந்தது. ஏகாதசிக்கு நான் இருக்கவில்லை. ஓரகத்தி எனக்கும் சேர்த்து இருப்பதாகச் சொன்னாள். அது அவள் பெருந்தன்மை, நான் மறுக்கவில்லை.

எடை நின்றுவிட்டது. இறங்கவில்லை. ஒரு வாரம் கொஞ்சம் ஏறவும் செய்தது. எனக்குப் பழைய பயம் பிடித்துக்கொண்டது. மெஷினை உதைக்கப் போனேன். அந்தப் பெண் டேப்பை எடுத்து இடுப்பை அளந்தது, முன்பு அளந்ததைவிடக் குறைந்திருந்தது. என் ரவிக்கை எனக்கு முன்பே சொல்லியிருந்தது, வயிற்றில் தொளதொள, கையில் இறுக்கம். தையல்காரியிடம் கையைப் பிரித்துவிடச் சொன்னபோது, "குண்டாயிட்டீங்களாக்கா?" என்றாள். "தசைடி அது, தொட்டுப் பாரு" என்று கையை நீட்டினேன். தொட்டுப் பார்த்தாள். சும்மா சொல்லவில்லை, கெட்டியாகத்தான் இருந்தது.

கார்த்திகையில் ஒருநாள் தம்பி வருவதற்கு நேரமானது. என் வீட்டுக்காரர் நெளிந்தார். முகத்தைப் பார்த்தேன்.

"நாம ரெண்டு பேருமே போவோமா?"

"மறுபடி தரையிலயா?"

"பயமா இருக்கா?"

"எனக்கென்ன பயம். கண்டக்டருக்குத்தான் கால் நடுங்குது."

பின்னால் கட்டில் இருக்கிறது, விழுந்தாலும் மெத்தையில்தான் என்று சொல்லிக்கொண்டேன். நாற்காலியை நெருக்கிப் போட்டேன், அவர் வலது பக்கம். என் முட்டியால் அவருடைய இடது முட்டியை அண்டக்கொடுத்தேன். இடுப்புப் பட்டை. "போலாம் ரைட்" என்றேன். அவர் வலது காலை ஊன்றினார். என் தொடை அவர் பாரத்தை வாங்கியது. நடுங்கவில்லை. எழுந்தார், திரும்பினார், உட்கார்ந்தார். கழிப்பறையில் மறுபடியும் அப்படியே. தம்பி வந்து கதவைத் தட்டியபோது நாங்கள் திரும்பி வந்து காபி குடித்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு அவர் காபிக்கு மேல் ஒரு சொம்புத் தண்ணீரும் கேட்டுக் குடித்தார்.

எல்லா நாளும் அப்படி இல்லை. எனக்கு முதுகு பிடித்த நாள் உண்டு. அவருக்கு வலது கால் மரத்த நாள் உண்டு. அந்த நாட்களில் தம்பியைக் கூப்பிட்டோம், அவரும் வந்தார். ஆனால் கூப்பிடாத நாட்கள் அதிகமாகிக்கொண்டே வந்தன.

பொங்கலுக்கு மகன் வந்தான். வந்ததும் பையில் இருந்து அந்த ஹோமின் படம் போட்ட தாளை எடுத்து மேசைமேல் வைத்தான். நான் அதன்மேல் கரும்பைச் சாய்த்து வைத்தேன்.

மறுநாள் காலை அவன் எனக்கு முன்னால் எழுந்து அப்பா அறை வாசலில் நின்றான். நடை முடித்து வந்தேன்.

"நீ ஒதுங்கிக்கம்மா, நான் இருக்கறப்பவாவது நான் தூக்கறேன்."

"தூக்கு."

ஜிம்முக்குப் போகிற பையன். கையெல்லாம் முறுக்கு முறுக்காக இருக்கிறது. அப்பாவின் அக்குளில் கை விட்டு இழுத்தான். அவர், "டேய், மூட்டையாடா நானு!" என்று கத்தினார். மகன் வலித்த தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான், அப்பா எழவில்லை.

"தள்ளு" என்றேன்.

முட்டியை அண்டக்கொடுத்தேன், பட்டையைப் பிடித்தேன், எழுப்பினேன். அவர் நின்றார். அவசரம் ஒன்றும் இல்லாததால் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தார். மகன் உயரத்துக்கு அவர் முகம் வந்ததும் அவனைப் பார்த்து, "என்னடா, இளைச்சுட்ட" என்றார். நான் அவர் பாரத்தைத் தாங்கிக்கொண்டே மகனைத் திட்டினேன், ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம். முழு வாக்கியங்கள். மூச்சு எங்கேயும் சிக்கவில்லை.

அவரைக் கோப்பையில் உட்கார வைத்துவிட்டு வெளியே வந்தேன். "கதவச் சாத்திட்டுப் போ" என்றார். சாத்தினேன். மகன் சமையலறையில் நின்று தண்ணீர் குடித்தான்.

"அந்த ஹோம் பேரு என்ன சொன்ன?" என்று நானே கேட்டேன்.

"விடும்மா."

"விட மாட்டேன். எனக்கு ஒருநாள் முடியாம போகும். அப்ப நானே சொல்றேன், நீ சொல்லாத. இப்ப முடியுது."

"இன்னும் எத்தன வருஷம்மா?"

"தெரியாது. நாளைக்கு முடியும். அடுத்த பொங்கலுக்கும் முடியற மாதிரிதான் சாப்பிடறேன், நடக்கறேன், தூக்கறேன்."

அவன் தலையாட்டினான். அந்தத் தாளை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தான். கிழிக்கவில்லை, நானும் கிழிக்கச் சொல்லவில்லை.

உள்ளே குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவர் தானே கழுவிக்கொள்கிறார், வலது கையால். நேரம் எடுக்கும். நானும் மகனும் சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் நின்றோம். அவர் கூப்பிடும்வரை உள்ளே போகக் கூடாது, அதுதான் எங்கள் வீட்டுச் சட்டம்.

"ஆச்சு, வா" என்றார்.

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனேன்.